மைதானத்துக்குப் பக்கத்தில் துணை மின்நிலையம்: பிள்ளைகளின் காயத்துக்கு அதுதான் காரணமா?

கேள்வி: 15 முதல் 18 வயது வரையிலான பிள்ளைகள் ஆடும் கால்பந்து அணிக்கு நான் பயிற்சியாளர். இந்த சீசன் தொடக்கத்தில் புது மைதானத்துக்கு மாறினோம். ஒரு பக்க வேலியை ஒட்டித் துணை மின்நிலையம் இருக்கிறது. ஒரு மூலைக்கு மேலே ஹைடென்ஷன் கம்பிகள் போகின்றன. மைதானம் அருமையானது. செயற்கைப் புல், இரவு விளக்கு எல்லாம் உண்டு. அதனால் வாரம் மூன்று நாளாக இருந்த பயிற்சியை ஐந்து நாளாக்கினோம். ஆனால் 24 பேரில் 8 பேர் காயமடைந்துவிட்டார்கள். ஐந்து பேருக்குத் தொடையின் பின்தசை, இரண்டு பேருக்குக் கணுக்கால், ஒரு பையனுக்கு முழங்காலில் ஏசிஎல் (மூட்டுக்குள் எலும்புகளைப் பிணைக்கும் தசைநார்) கிழிந்து அறுவை சிகிச்சை. பழைய மைதானத்தில் ஒரு சீசனுக்கு மூன்று நான்கு பேருக்கு மேல் போனதில்லை.

பிரபலமான தொழில்முறை அணி ஒன்றின் வீரர்கள் அடிக்கடி காயமடைவதற்குப் பக்கத்து மின்நிலையம்தான் காரணம் என்று ஒரு வீடியோ எங்கள் பெற்றோர் குழுவில் சுற்றுகிறது. ஒரு பையனின் அப்பா போனில் ஒரு ஆப் வைத்து மைதானத்தில் அளந்தார். காந்தப் புலத்தின் அளவு 48 மைக்ரோடெஸ்லா என்று காட்டியது. 0.4-க்கு மேல் போனாலே ஆபத்து என்று படித்திருக்கிறாராம். கதிர்வீச்சைத் தடுக்கும் பட்டைகளை எல்லோருக்கும் வாங்கலாம் என்கிறார் இன்னொருவர். மைதானத்தை மாற்ற வேண்டுமா? அறுவை சிகிச்சை முடிந்த பையன் அதே இடத்துக்குத் திரும்பி வரலாமா?

பதில்: அன்புள்ள பயிற்சியாளருக்கு, எட்டுப் பிள்ளைகள் காயத்தோடு உட்கார்ந்திருக்கும்போது ஏதாவது ஒரு காரணம் கிடைக்காதா என்று மனம் தேடும். அதுவும் கண்ணுக்கு எதிரிலேயே உறுமிக்கொண்டு ஒரு மின்நிலையம் நிற்கும்போது சந்தேகம் அதன் மேல் விழுவது இயல்பு. பெற்றோரின் பயத்தை நான் சின்னதாக நினைக்கவில்லை. விளையாட்டு மருத்துவராக என் பதில்: அந்த மின்நிலையத்தின் மின்காந்தப் புலம் உங்கள் பிள்ளைகளின் தசையையோ தசைநாணையோ பலவீனமாக்கியிருப்பதற்கான வாய்ப்பு, இல்லவே இல்லை என்று சொல்லும் அளவுக்குக் குறைவு. ஆனால் காயம் கூடியதற்கான காரணம் உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. நீங்கள் அதை நல்ல செய்தியாக எழுதியிருக்கிறீர்கள்.

முதலில் அந்த 48. போனில் இருக்கும் காந்த உணரி திசைகாட்டிக்காக வைக்கப்பட்டது. அது அளப்பது பூமியின் காந்தப் புலத்தை. உலகத்தில் எங்கே நின்றாலும் அது ஏறக்குறைய 25 முதல் 65 மைக்ரோடெஸ்லா வரை இருக்கும். மின்கம்பி எதுவுமே இல்லாத காட்டுக்குள் நின்று பார்த்தாலும் அந்த ஆப் இந்த எல்லைக்குள்தான் ஏதோ ஒரு எண்ணைக் காட்டும். மின்கம்பியிலிருந்து வருவது நொடிக்கு 50 அல்லது 60 முறை திசை மாறும் புலம். அதை அளப்பதற்கென்று தனியாகக் கருவி இருக்கிறது. போன் ஆப் அதற்கு லாயக்கில்லை. அந்த அப்பா பார்த்த 48-க்கும் அவர் படித்த 0.4-க்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. பெற்றோர் கூட்டத்தில் இதைத்தான் முதலில் சொல்லுங்கள். போனை எடுத்துக்கொண்டு மின்நிலையத்திலிருந்து நன்றாகத் தள்ளிப் போய் அளந்து பார்க்கச் சொல்லுங்கள், அவரே தெரிந்துகொள்வார்.

அந்த 0.4 எங்கிருந்து வந்தது என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். அமெரிக்காவின் டென்வர் நகரில் நடந்து 1979-இல் வெளிவந்த ஓர் ஆய்வு, மின்கம்பிகளுக்கு அருகில் வசித்த குழந்தைகளிடம் ரத்தப் புற்றுநோய் சற்று அதிகமோ என்ற கேள்வியை எழுப்பியது. அதற்குப் பிறகு பல நாடுகளில் ஆய்வுகள் நடந்தன. அவற்றை ஒன்றாகச் சேர்த்து 2000-இல் பார்த்தபோது, வீட்டில் சராசரியாக 0.3 அல்லது 0.4 மைக்ரோடெஸ்லாவுக்கு மேல் இருந்த மிகச் சில குழந்தைகளிடம் ஒரு புள்ளிவிவரத் தொடர்பு தெரிந்தது. இதன் அடிப்படையில்தான் 2002-இல் உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை இந்தப் புலங்களை 'புற்றுநோயை உண்டாக்கக்கூடும்' என்ற 2பி பிரிவில் வைத்தது. அதாவது சந்தேகம் இருக்கிறது, நிரூபணம் இல்லை. 2007-இல் உலகச் சுகாதார நிறுவனம் எல்லா ஆதாரங்களையும் மறுபடி அலசியபோதும் இந்தத் தொடர்பைக் காரணம் என்று சொல்லும் அளவுக்கு ஆதாரம் வலுவாக இல்லை என்றே கண்டது. கவனியுங்கள், அது குழந்தைகள் ஆண்டுக்கணக்கில் வசித்து உறங்கும் வீட்டின் சராசரி அளவு. பேசப்பட்டதும் ரத்தப் புற்றுநோயைப் பற்றி. தசைக் கிழிவுக்கும் தசைநாண் காயத்துக்கும் அந்த எண்ணைக் கொண்டுவந்து ஒட்டுவது தவறு.

சரி, உங்கள் மைதானத்தில் உண்மையில் எவ்வளவு இருக்கும்? துணை மின்நிலையத்தின் உள்ளே இருக்கும் கருவிகளின் புலம் வேலியைத் தாண்டியதும் மளமளவென்று குறைந்துவிடும். வெளியே அளந்தால் கிடைப்பது பெரும்பாலும் உள்ளே போய் வெளியே வரும் கம்பிகளின் புலம்தான். பெரிய ஹைடென்ஷன் கம்பிக்கு நேர் கீழே சில மைக்ரோடெஸ்லா இருக்கலாம். அங்கிருந்து நூறு மீட்டர் தள்ளிப் போனால் ஒன்றுக்கும் வெகு கீழே இறங்கிவிடும். பொதுமக்களுக்கான பாதுகாப்பு வரம்பாக அயனியாக்காக் கதிர்வீச்சுப் பாதுகாப்புக்கான சர்வதேச ஆணையம் 2010-இல் வைத்தது 200 மைக்ரோடெஸ்லா. தலைமுடி உலர்த்தும் கருவியைத் தலைக்கு 3 சென்டிமீட்டர் பக்கத்தில் பிடித்தால், மாடலைப் பொறுத்து 6-லிருந்து 2000 மைக்ரோடெஸ்லா வரை வரும்.

இவ்வளவு தாழ்ந்த அதிர்வெண்ணில் இந்தப் புலத்துக்கு வேதிப் பிணைப்பை உடைக்கும் சக்தி கிடையாது; எக்ஸ்ரே வேறு, இது வேறு. உடலுக்குள் மிகச் சிறிய மின்னோட்டத்தைத் தூண்டும், அவ்வளவுதான். அது நரம்பைச் சுண்டிவிடும் அளவுக்குப் போக வேண்டுமானால் பல ஆயிரம் மைக்ரோடெஸ்லா தேவை. இன்னொரு கணக்கும் உண்டு. பூமியின் காந்தப் புலத்துக்குள் ஒரு வீரர் முழு வேகத்தில் ஓடும்போது, வீசி வீசிப் போகும் அவருடைய கால்கள் அந்தப் புலத்தைத் தொடர்ந்து திசைமாற்றிச் சந்திக்கின்றன. தோராயமாகக் கணக்குப் போட்டால், அந்த மாற்றத்தின் வேகம் 1 மைக்ரோடெஸ்லா மின்கம்பிப் புலம் உண்டாக்கும் மாற்றத்தின் அளவுக்கே கிட்டத்தட்ட வருகிறது. மின்நிலையமே இல்லாத மைதானத்தில் ஓடும் பிள்ளையின் காலிலும் இதே அளவு சலனம் நடக்கிறது.

வீடியோக்களில் கொலாஜன் என்ற சொல் அடிக்கடி வரும்; தசைநாணுக்கு உறுதி தரும் புரதம் அது. மின்காந்தப் புலம் கொலாஜனைக் கெடுத்து, தசையை எலும்போடு கட்டும் நாணை நாளடைவில் இளைக்க வைக்கிறது என்பது அவர்கள் வாதம். கேட்கும்போது பொருத்தமாகத்தான் தோன்றும், ஏனென்றால் ஆய்வகத்தில் செல்களின் மேல் புலத்தைச் செலுத்தி மாற்றம் கண்ட ஆய்வுகள் இருக்கின்றன. ஆனால் அங்கே பயன்படுத்தும் அளவுகள் பெரும்பாலும் மைதானத்து அளவைவிட நூறு மடங்கு, ஆயிரம் மடங்கு. அதே அளவுகளில்தான் மருத்துவத்திலும் இதைப் பயன்படுத்துகிறோம். ஒட்டாத எலும்பு முறிவை ஒட்டவைப்பதற்கான துடிப்பு மின்காந்தக் கருவிகளுக்கு அமெரிக்க மருந்து நிர்வாகம் 1979-லேயே அனுமதி கொடுத்தது. தினமும் மணிக்கணக்கில், மாதக்கணக்கில் வைத்தும் அதன் பலன் மிதமானதுதான் என்பது எலும்பு மருத்துவர்களுக்குத் தெரியும். அத்தனை பெரிய அளவுக்கே இவ்வளவுதான் விளைவு. வேலிக்கு வெளியே கசியும் புலம் நாணை அறுக்கும் என்பதற்கு எனக்கு ஒரு வழியும் தெரியவில்லை.

நாணைப் பற்றி இன்னொரு தகவல். 1950, 60-களின் அணுகுண்டுச் சோதனைகள் காற்றில் கூட்டிவிட்ட கார்பன்-14 என்ற கதிரியக்கக் கார்பனை அடையாளமாக வைத்து, மனிதரின் குதிகால் நாண் எப்போது உருவானது என்று 2013-இல் டேனிஷ் ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள். அதன் மையப் பகுதி உயரமாக வளரும் வயதில், சுமார் 17 வயதுக்குள் உருவாகிவிடுகிறது. அதற்குப் பிறகு ஏறக்குறைய புதுப்பிக்கப்படுவதே இல்லை. உங்கள் பிள்ளைகள் சரியாக அந்த வயதில் இருக்கிறார்கள். நாண் இறுகி முடியும் காலம் இது. இந்த வயதில் நாணைச் சோதிப்பது ஓய்வில்லாத சுமை.

அப்புறம் அந்த எட்டு. மூன்றோ நான்கோ என்றிருந்தது எட்டானால் யாருக்கும் பதறும். உங்கள் எண்களை வைத்தே பார்ப்போம். சராசரியாக ஒரு சீசனுக்கு மூன்றரைக் காயம் காணும் அணிகள் ஆயிரம் இருந்தால், எந்தப் புதுக் காரணமும் இல்லாமல், வெறும் தற்செயலாலேயே சுமார் 27 அணிகள் ஒரு சீசனில் எட்டோ அதற்கு மேலோ காண்பார்கள். அந்த 27-இல் யாருடைய மைதானத்துக்குப் பக்கத்தில் மின்நிலையமோ செல்போன் கோபுரமோ இருக்கிறதோ, அவர்கள் கதை வீடியோவாகும். பக்கத்தில் மின்நிலையம் இருந்தும் காயமில்லாமல் சீசனை முடித்த அணியைப் பற்றி யாரும் வீடியோ எடுப்பதில்லை.

இப்போது மூன்று நாள் ஐந்து நாளானதைக் கணக்கில் சேர்ப்போம். மைதானத்தில் இருக்கும் நேரம் கூடியதற்கு ஏற்ப மட்டும் காயம் கூடும் என்று வைத்துக்கொண்டாலே எதிர்பார்க்கும் எண்ணிக்கை மூன்றரையிலிருந்து ஆறை நெருங்குகிறது. அப்போது அதே ஆயிரம் அணிகளில் எட்டோ அதற்கு மேலோ காண்பவை 230-ஐ எட்டிவிடும். நான்கில் ஒரு அணி என்று வைத்துக்கொள்ளுங்கள். இதில் களைப்பைச் சேர்க்கவில்லை, புதுத் தரையைச் சேர்க்கவில்லை, ஓய்வு நாள் குறைந்ததைச் சேர்க்கவில்லை. உங்கள் எட்டுக்கு மின்நிலையம் தேவையே இல்லை.

சுமையை ஒரேயடியாகக் கூட்டுவதுதான் எனக்குப் பெரிய கவலை. பயிற்சி நாள் கூடியதே தவறு என்று நான் சொல்லவில்லை. மூன்றிலிருந்து ஐந்துக்கு ஒரே வாரத்தில் போனீர்களா, இரண்டு மாதத்தில் படிப்படியாகப் போனீர்களா என்பதுதான் கேள்வி. தசை சீக்கிரம் பழகிவிடும். நாணும் எலும்பும் மெதுவாகத்தான் பழகும். அந்த இடைவெளியில் பிள்ளை தன்னால் முடியும் என்று நம்பி முழு வேகத்தில் ஓடுவான், நாண் இன்னும் தயாராகியிருக்காது. செயற்கைப் புல்லில் ஷூ பிடித்துக்கொள்ளும் விதமும் வேறு. பழைய மைதானத்துக்காக வாங்கிய நீள ஸ்டட் ஷூவோடு அதே மாதிரி திரும்பினால் பாதம் தரையில் சிக்கி நின்றுவிடும், முழங்கால் மட்டும் சுழலும். உங்கள் ஏசிஎல் பையன் யாரும் மோதாமல் தானாகத் திரும்பும்போது விழுந்தானா, அப்போது என்ன ஷூ போட்டிருந்தான் என்று கேட்டுப் பாருங்கள்.

இரவு விளக்கு வந்ததால் பயிற்சி தாமதமாக முடிகிறதா என்பதையும் பாருங்கள். 2014-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், எட்டு மணி நேரத்துக்குக் குறைவாகத் தூங்கிய பதின்வயது விளையாட்டு வீரர்களுக்குக் காயம் வரும் வாய்ப்பு 1.7 மடங்கு இருந்தது. ஆய்வு சிறியதுதான். ஆனாலும் இரவு ஒன்பதரைக்கு மைதான விளக்கை அணைத்து, காலை ஐந்தரைக்கு எழுப்பும் கால அட்டவணையை நான் எந்தப் பிள்ளைக்கும் எழுதித் தர மாட்டேன்.

ஐந்து பின்தசைக் காயங்களைப் பார்த்ததும் எனக்கு வேறொன்று நினைவுக்கு வந்தது. ஐரோப்பாவின் பெரிய கிளப்புகளில் 2001-லிருந்து நடக்கும் காயக் கணக்கெடுப்பில், மொத்தக் காயங்களில் பின்தசையின் பங்கு முதல் சீசனில் 12 சதவீதம். இருபது ஆண்டு கழித்து அது 24 சதவீதம். ஆட்டம் வேகமாகிவிட்டது, ஓட்டம் கூடிவிட்டது. அந்தக் கிளப்புகளில் எல்லாம் மின்நிலையம் இருக்கவில்லை. நல்ல செய்தி, இதற்கு மருந்து மாதிரி ஒரு பயிற்சியே உண்டு. நார்டிக் ஹேம்ஸ்ட்ரிங் என்பார்கள். முழங்காலிட்டு நிற்பவரின் கணுக்காலைக் கூட்டாளி பிடித்துக்கொள்ள, உடம்பை நேராக வைத்து முடிந்தவரை மெதுவாக முன்னால் சாய்வது. 2019-இல் எட்டாயிரத்துக்கு மேற்பட்ட வீரர்களின் தரவைச் சேர்த்துப் பார்த்தபோது, இதைத் தங்கள் திட்டத்தில் சேர்த்தவர்களுக்குப் பின்தசைக் காயம் ஏறக்குறைய பாதியாகக் குறைந்திருந்தது. கருவியே வேண்டாம், ஒரு கூட்டாளி இருந்தால் போதும். ஆனால் முதல் வாரங்களில் தசை வலிக்கும், பிள்ளைகள் விட்டுவிடுவார்கள். அதனால் வாரம் ஒரு நாள், ஐந்தைந்து முறையில் தொடங்கி மெல்லக் கூட்டுங்கள்.

வார்ம்-அப்பும் அப்படித்தான். ஃபிஃபா 11+ என்ற இருபது நிமிட வார்ம்-அப்பை நார்வேயில் 13 முதல் 17 வயதுப் பெண்கள் அணிகளில் சோதித்து 2008-இல் முடிவை வெளியிட்டார்கள். மொத்தக் காயம் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கும், கடுமையான காயம் பாதிக்குச் சற்று குறைவாகவும் குறைந்தது. அதைக் குதித்துத் தரையில் இறங்கும் பகுதி உட்பட முழுமையாகச் செய்ய வேண்டும். மைதானத்தை இரண்டு சுற்று ஓடிவிட்டு உடனே மேட்சைத் தொடங்கினால் அது வார்ம்-அப் ஆகாது.

பட்டைகளை வாங்காதீர்கள். இந்த அதிர்வெண்ணில் காந்தப் புலம் துணி, தோல், உடம்பு எல்லாவற்றையும் ஊடுருவிப் போகும். சட்டையில் ஒட்டும் ஒரு பட்டை அதைத் தடுக்காது. பணம் போவதோடு இன்னொரு கெடுதலும் உண்டு. பட்டை அணிந்ததும் ஆபத்து உண்மை என்ற எண்ணம் பிள்ளைகள் மனதில் பதிந்துவிடும். தங்களுக்கு மின்காந்தப் புலம் ஒத்துக்கொள்வதில்லை என்று சொன்னவர்களை வைத்து, புலம் இருக்கிறதா இல்லையா என்பதை அவர்களுக்குத் தெரிவிக்காமல் 31 பரிசோதனைகள் நடந்திருந்தன. 2005-இல் அவற்றைத் தொகுத்துப் பார்த்தபோது, பெரும்பாலானவற்றில் அவர்களால் புலத்தை உணர முடியவில்லை என்று தெரிந்தது. புலம் இல்லாமலே, இருப்பதாக நினைத்தபோதும் உடல் தொந்தரவு வந்தது. அந்த வலி பொய் என்று நான் சொல்லவில்லை. பயந்த பிள்ளை தசையை இறுக்கிக்கொண்டு ஓடுவான், சின்ன வலியையும் பெரிதாக உணர்வான், சரியாகத் தூங்க மாட்டான். அதனால் "இந்த மைதானம் கெட்டது" என்று பிள்ளைகள் முன்னால் பேச வேண்டாம் என்று பெற்றோரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

பெற்றோர் மனம் ஆறவில்லை என்றால் முறையாக அளக்க ஏற்பாடு செய்யுங்கள். மின் விநியோக நிறுவனத்துக்கு எழுத்தில் கேளுங்கள், அல்லது மூன்று அச்சிலும் அளக்கும் தாழ்-அதிர்வெண் கருவி வைத்திருப்பவரை அழையுங்கள். வேலியோரம், கம்பிக்குக் கீழே, மைதானத்தின் நடுவில், வீரர்கள் உட்காரும் இடத்தில் என்று, மின்பயன்பாடு அதிகமாக இருக்கும் மாலையிலும் குறைவாக இருக்கும் வேளையிலும் அளக்க வேண்டும். வரும் எண்ணை 200 என்ற வரம்போடு ஒப்பிட்டு எல்லோருக்கும் அனுப்புங்கள்.

மின்நிலையம் ஆபத்தே இல்லை என்று நான் சொல்லியதாக யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. உயிரைப் பறிக்கும் ஆபத்து அங்கே இருக்கிறது, அது வேறு வகை. வேலிக்குள் விழுந்த பந்தை எடுக்க எந்தப் பிள்ளையும் ஏறக் கூடாது. பந்து போனால் போகட்டும், மின் நிறுவனத்துக்குத் தகவல் சொல்லிக் காத்திருக்க வேண்டும். இதைக் கையெழுத்து வாங்கும் விதியாகவே வையுங்கள். கம்பிக்குக் கீழே இருக்கும் மூலையில் நகர்த்தும் கோல் போஸ்டை நிமிர்த்தித் தூக்கக் கூடாது. நீளமான உலோகக் குழாய், பட்டம், டிரோன் எதுவும் அங்கே வேண்டாம். ஹைடென்ஷன் கம்பிக்குக் கீழே இருக்கும் உலோக வேலியைத் தொட்டால் சில சமயம் சுள்ளென்று அடிக்கும். அப்படி ஒரு பிள்ளை சொன்னால் வேலிக்குச் சரியான எர்த்திங் இருக்கிறதா என்று மின் நிறுவனத்தைச் சோதிக்கச் சொல்லுங்கள். கம்பி அறுந்து தரையில் கிடந்தால் அதன் பக்கம் யாரும் போகக் கூடாது. பக்கத்தில் மாட்டிக்கொண்டவர் கால்கள் இரண்டையும் சேர்த்து வைத்துத் தேய்த்தபடி நகர வேண்டும். காலை அகட்டி ஓடினால் இரண்டு பாதங்களுக்கும் இடையிலான மின்னழுத்த வேறுபாட்டால் உடம்பில் மின்சாரம் பாயும். இடி கேட்டால் மைதானத்தைக் காலி செய்து, கடைசி இடிக்குப் பிறகு அரை மணி நேரம் கழித்தே திரும்புங்கள். பெற்றோர் குழு இவற்றைப் பற்றித்தான் இரவெல்லாம் பேச வேண்டும்.

மைதானத்தை மாற்ற வேண்டாம். நாளையிலிருந்து ஒரு நோட்டுப் போடுங்கள். ஒவ்வொரு பயிற்சிக்கும் பிறகு பிள்ளையிடம் "இன்று எவ்வளவு கடினமாக இருந்தது, பத்துக்கு எத்தனை?" என்று கேட்டு, அதைப் பயிற்சி நிமிடங்களால் பெருக்கி எழுதுங்கள். வாரக் கூட்டுத்தொகை திடீரென்று ஏறினால் அடுத்த வாரம் குறையுங்கள். காயம் வந்தால் தேதி, எந்தத் தசை, பயிற்சியின் எத்தனையாவது நிமிடம், என்ன ஷூ, முந்தைய இரவு எத்தனை மணி நேரத் தூக்கம், முன்பே அதே இடத்தில் காயம் உண்டா என்று குறியுங்கள். மைதானத்தின் எந்தப் பக்கம் என்பதையும் எழுதுங்கள். மின்நிலையப் பக்கம் அதிகமா என்று பெற்றோர் கேட்டால் நோட்டைக் காட்டலாம். ஐந்து நாளை இப்போதைக்கு நான்காக்குங்கள், அதில் ஒரு நாள் பந்தோடு லேசான வேலை மட்டும்.

அறுவை சிகிச்சை முடிந்த பையன் அதே மைதானத்துக்கு வரலாம். மின்நிலையம் அவன் முழங்காலை ஒன்றும் செய்யாது. அவசரம்தான் செய்யும். 2016-இல் வெளியான ஒரு நார்வே ஆய்வில், ஏசிஎல் அறுவை சிகிச்சைக்குப் பிறகு ஒன்பது மாதம் வரை ஆட்டத்துக்குத் திரும்புவதைத் தள்ளிப்போட்ட ஒவ்வொரு மாதத்துக்கும் மறுகாயம் பாதியாகக் குறைந்தது. அதனால் ஒன்பது மாதத்துக்கு முன்னால் போட்டி வேண்டாம், யார் சிபாரிசு செய்தாலும். ஒன்பது மாதம் ஆனபின்பும் தொடை முன்தசையின் பலம் மற்ற காலின் பலத்தில் 90 சதவீதமாவது இருக்கிறதா என்று பிசியோவிடம் சோதியுங்கள். ஒற்றைக் காலில் தாவும் தூரமும் அதே அளவு வர வேண்டும். அதுவரை அவனை வீட்டில் உட்கார வைக்காமல் பயிற்சி நாளில் வரச் சொல்லுங்கள். மேலே சொன்ன நோட்டை எழுதும் வேலையை அவனிடம் கொடுங்கள்.